நிறம் பார்க்க வந்தவர்கள்

மேல்நாட்டுக்கு நேவி புளூ எப்படியோ, இந்தியாவுக்கு இளஞ்சிவப்பு அப்படி. அமெரிக்க ஃபேஷன் பத்திரிகை உலகில் பல ஆண்டுகள் கோலோச்சிய டயானா வ்ரீலாண்ட் சொன்னதாக இந்தக் கருத்து இன்னும் சுற்றிக்கொண்டிருக்கிறது. 1956-ல் புகைப்படக்காரர் நார்மன் பார்க்கின்சன் இந்தியாவுக்கு வந்து எடுத்துப் போன ஃபேஷன் படங்களைப் பார்த்துவிட்டுச் சொன்னாராம். ஆபீஸ் கோட்டு, பள்ளிச் சீருடை, கப்பல்படை உடை என்று யார் கண்ணையும் உறுத்தாமல் எங்கும் பொருந்துகிற நிறம் அங்கே நேவி புளூ. இங்கே அந்த நாற்காலியில் இளஞ்சிவப்பு உட்கார்ந்திருக்கிறது என்பது தாத்பரியம். சாமர்த்தியமான வாசகம்தான். சுற்றுலா எழுத்தில் அது படாத பாடு பட்டுவிட்டது.

அந்த இளஞ்சிவப்புக்கு ஊரே சாட்சி என்று ஜெய்ப்பூரைக் காட்டுவார்கள். 1727-ல் இரண்டாம் சவாய் ஜெய்சிங் நிறுவிய நகரம் அது. தெருக்கள் நூல் பிடித்தாற்போல் போகும். ஆனால் இன்று பார்க்கிற நிறம் ஜெய்சிங் காலத்தது அல்ல. 1876-ல் வேல்ஸ் இளவரசர் (பின்னாளில் ஏழாம் எட்வர்ட்) வருகிறார் என்பதற்காக மகாராஜா ராம் சிங் ஊர் முழுக்க ஒரே வண்ணம் அடிக்கச் சொன்னார். விருந்தாளிக்காக அடித்த வண்ணம் ஊருக்கே பட்டப்பெயர் ஆகிவிட்டது. நிதானமாகப் பார்த்தால் அது இளஞ்சிவப்பும் அல்ல, காவிமண் சேர்ந்த செங்கல் நிறம். 2019-ல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலிலும் நகரம் ஏறிவிட்டது. ஒரு பயணிக்காகப் போட்ட ஒப்பனையை அடுத்து வந்த பயணிகள் எல்லாம் இயல்பான முகம் என்று நம்பி படம் எடுத்துப் போனார்கள்.

இதில் யாரையும் குற்றம் சொல்ல முடியாது. வெளியிலிருந்து வருகிறவர் கண்ணில் முதலில் படுவது நிறம். சந்தை மிளகாய் வற்றல், லாரியின் முதுகில் தாமரை, மாட்டுக் கொம்பில் பச்சை பெயிண்ட், சாணி மெழுகிய திண்ணையில் வெள்ளைக் கோடு. கேமராவுக்குக் கொண்டாட்டம். இந்தியர்களுக்கு அழகுணர்ச்சி ரத்தத்திலேயே ஊறியது என்று பாராட்டுப் பத்திரம் எழுதிக் கொடுத்துவிட்டுப் போய்விடுவார்கள். இந்தப் பத்திரத்தில் ஒரு கோளாறு உண்டு. ரத்தத்தில் ஊறியதென்றால் அதற்குப் பயிற்சி வேண்டாம், நேரம் வேண்டாம், கூலியும் வேண்டாம். பாராட்டிய மாதிரியும் ஆயிற்று, பணம் கொடுக்காத மாதிரியும் ஆயிற்று.

நிறம் இங்கே பல இடங்களில் ரசனை சம்பந்தப்பட்டதே அல்ல, தகவல் சம்பந்தப்பட்டது. ராஜஸ்தானத்தில் சாவன் மாதம், அதாவது மழைக்காலம் வந்தால் பெண்கள் லஹரியா உடுத்துகிறார்கள். துணியைக் கோணலாகச் சுருட்டி, இடைவெளி விட்டுக் கட்டி, சாயத்தில் முக்கி எடுத்தால் பிரிக்கும்போது அலை அலையாகக் கோடு விழும். 'லஹர்' என்றால் அலை. தண்ணீரைக் காணாத பூமியில் தண்ணீரை உடுத்திக்கொள்கிற ஏற்பாடு. குழந்தை பெற்றவளுக்குப் பிறந்த வீட்டிலிருந்து வருவது பீலா எனப்படும் மஞ்சள் ஓட்னி. சிவப்புக் கரை போட்டு, நடுவில் பெரிய வட்டம் வைத்தது. அதைப் போர்த்திக்கொண்டு கிணற்றடிக்குப் போனால் யாரும் விசாரிக்க வேண்டியதில்லை. ஆணின் தலைப்பாகையும் இப்படிப் பேசும். கட்டுகிற விதம் ஊரையும் சாதியையும் சொல்லும், நிறம் கல்யாணமா கருமாதியா என்று சொல்லும்.

இந்தச் சாயக் கைத்தொழிலின் ஒரு கிளை மதுரைக்கும் வந்திருக்கிறது. சௌராஷ்டிரர்களின் சுங்குடிப் புடவை, குஜராத்தின் பாந்தனிக்குத் தங்கை முறை. நகத்தால் துணியைக் கிள்ளி, நூல் சுற்றி முடிச்சுப் போட்டுச் சாயம் ஏற்றுகிற அதே வித்தை. கட்டுதல் என்ற பொருளுடைய அந்த வடநாட்டுச் சொல் கப்பலேறிப் போய் 'பண்டானா' என்று அமெரிக்க கௌபாய் கழுத்தில் கட்டிக்கொண்டது தனிக் கதை.

நிறம் தகவல் என்றால் நிறம் இல்லாததும் தகவல்தான். பீலா பல குடும்பங்களில் ஆண் குழந்தை பெற்றவளுக்கு மட்டும் வந்த காலம் உண்டு. பெண்ணைப் பெற்றவள் பழைய ஓட்னியோடுதான் கிணற்றடிக்குப் போனாள். கணவனை இழந்தவளுக்குச் சிவப்பும் மஞ்சளும் விலக்கப்பட்டன. வண்ணமயமான இந்தியா என்று எடுக்கப்பட்ட ஆயிரக்கணக்கான படங்களில் அவள் இல்லை, இருந்தாலும் ஓரத்தில் வெள்ளையாக இருப்பாள். 2013-ல் பிருந்தாவனத்து ஆசிரமங்களில் வாழும் விதவைகளை சுலப் இன்டர்நேஷனல் அமைப்பு ஹோலி விளையாட வைத்தது. கிருஷ்ணன் வண்ணப்பொடி தூவி விளையாடியதாகச் சொல்லப்படும் ஊரில் அவர்கள் கையில் வண்ணப்பொடி ஏறுவதற்கு 21-ம் நூற்றாண்டு வர வேண்டியிருந்தது. அதற்கும் கேமராக்கள் குவிந்தன. படங்கள் அழகாகவே இருந்தன.

நிறத்தை விடப் படைப்பாற்றலுக்குத்தான் இன்னும் சிக்கலான கதை. கட்ச் பக்கம் போக வேண்டும்.

கட்ச்சின் ராபாரிகள் ஒட்டகமும் ஆடும் மேய்த்துத் திரிந்த மக்கள். கச்சி, டேபாரியா, வாகடியா என்று மூன்று பிரிவு. பெண்கள் உடுத்துவது கறுப்பு. கறுப்புக் கம்பளிப் பாவாடை, கறுப்பு முக்காடு. எந்தக் காலத்திலோ நடந்த துக்கத்தை இன்னும் அனுஷ்டிக்கிறார்கள் என்று கதை சொல்வார்கள். கதை எப்படியோ, கறுப்புப் பின்னணியில் அவர்கள் போடும் எம்ப்ராய்டரி கண்ணைப் பறிக்கும். சங்கிலித் தையல் போட்டு, கண்ணாடிச் சில்லுகளைக் கோத்து, தேள், மயில், ஒட்டகம், கிணற்றடிப் பெண்கள் என்று தாங்கள் நடந்து வந்த உலகத்தையே துணியில் இறக்கிவிடுவார்கள். உலக மியூசியங்கள் போட்டி போட்டுக்கொண்டு வாங்கியிருக்கின்றன.

அந்தத் தையல் எதற்காக? சீருக்காக. கல்யாணப் பெண் தனக்கும் மாப்பிள்ளை வீட்டுக்கும் ரவிக்கை, பாவாடை, பை, உறை, குழந்தைத் தொட்டில் துணி என்று ஒரு மலையே தைத்துக்கொண்டு போக வேண்டும். தைத்து முடிகிறவரை புகுந்த வீட்டுக்குப் போக முடியாது. சடங்கு முடிந்தும் தாய்வீட்டிலேயே ஆண்டுக்கணக்கில் உட்கார்ந்து தைத்துக்கொண்டிருந்தார்கள். முப்பது வயதை நெருங்கியும் ஊசியைக் கீழே வைக்காதவர்கள் உண்டு. வாழ்க்கை வசதி கொஞ்சம் கூடியதும் எதிர்பார்ப்பும் கூடியது. இத்தனை உருப்படி என்ற கணக்கு ஏறிக்கொண்டே போயிற்று.

1990-களில் டேபாரியா சமூகத்துப் பெரியவர்கள் கூடி ஒரு முடிவு எடுத்தார்கள். இனி எம்ப்ராய்டரி கூடாது. தங்கள் உபயோகத்துக்குத் தைக்கிறவருக்கு அபராதம்.

இந்த இடத்தில் வெளியூர்க்காரர் திடுக்கிடுவார். உலகமே வியக்கும் கலையை ஒரு பஞ்சாயத்து ஒரு நாளில் நிறுத்துவதா? பண்பாட்டுக் கொலை என்று எழுதத் தோன்றும். ஆனால் முப்பது வயதுவரை தாய்வீட்டில் ஊசியோடு உட்கார்ந்திருந்தவள் பக்கத்திலிருந்து பார்த்தால் இது விடுதலை உத்தரவு மாதிரியும் தெரியும். இரண்டும் ஒரே சமயத்தில் உண்மை. இன்னொன்றையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். தடை போட்ட கூட்டத்தில் தைக்கிறவர்களின் குரலுக்கு இடம் இருந்ததாகத் தெரியவில்லை. சீரைக் குறைக்கலாம், கேட்பவரைக் கண்டிக்கலாம் என்று பல வழிகள் இருக்க, ஊசியைப் பிடுங்குவதுதான் பெரியவர்களுக்குச் சுலபமாகப் பட்டிருக்கிறது.

அடுத்து நடந்ததுதான் சுவாரசியம். கையால் தைக்கக் கூடாது என்றுதானே உத்தரவு? மெஷின் தையலைப் பற்றி அதில் ஒன்றும் இல்லை. டேபாரியாப் பெண்கள் கடைக்குப் போனார்கள். ரெடிமேடாகக் கிடைத்த ரிப்பன், சரிகைப் பட்டை, நெளிநெளியான பார்டர் எல்லாவற்றையும் வாங்கி வந்து, தையல் மெஷினில் வரிசை வரிசையாக ஓட்டித் துணியை நிரப்பினார்கள். பழைய எம்ப்ராய்டரியின் அமைப்பு அப்படியே இருந்தது. எங்கே வட்டம், எங்கே கரை, எந்த நிறத்துக்குப் பக்கத்தில் எந்த நிறம் என்ற இலக்கணம் மாறவில்லை, நேரம் மட்டும் பத்தில் ஒரு பங்காயிற்று. 'ஹரி ஜரி' என்று அதற்குப் பெயரும் விழுந்தது. அந்தப் பட்டை வேலையை வைத்து ஷாப்பிங் பைகள் செய்து, தன் பெயரிலேயே தொழில் தொடங்கி, கிராமத்துப் பெண்கள் பலருக்கு வேலையும் கொடுத்தார் பாபிபென் ராபாரி. நான்காம் வகுப்போடு படிப்பு நின்றவர் அவர். வீடு வீடாகத் தண்ணீர் சுமந்து கூலி வாங்கிய சிறுமிப் பருவத்தைப் பேட்டிகளில் அவரே சொல்லியிருக்கிறார்.

ரிப்பன் ஒட்டிய பையைப் பார்த்து, அசல் போய்விட்டதே என்று மூக்கைச் சுளிக்கும் ரசிகர்கள் இருக்கிறார்கள். அசல் என்பது கையா, மனசா என்ற கேள்வி அவர்களுக்கு எழுவதில்லை. கேட்டவர் ஒருவர் உண்டு: ஜூடி ஃப்ரேட்டர். அமெரிக்காவிலிருந்து பயணியாக வந்து, ராபாரிகளின் எம்ப்ராய்டரியை ஆராயத் தொடங்கி, கட்ச்சிலேயே பல பத்தாண்டுகள் தங்கிவிட்டவர். 1995-ல் அதைப் பற்றிப் புத்தகமும் எழுதினார். கைவினைஞர்களைக் கூலிக்குத் தைக்கிறவர்களாக மட்டும் வைத்திருக்கும் வழக்கம் அவருக்குப் பிடிக்கவில்லை. நகரத்து டிசைனர் படம் போட்டுக் கொடுப்பது, கிராமத்துக்காரர் அதை நகலெடுப்பது என்பதுதான் நடைமுறை. கையை மட்டும் வாடகைக்கு எடுத்து மூளையை வீட்டிலேயே விட்டுவிட்டு வரச் சொல்கிற ஏற்பாடு. 2005-ல் கலா ரக்ஷா வித்யாலயா என்ற பெயரில் கைவினைஞர்களுக்கே டிசைன் சொல்லிக்கொடுக்கும் பள்ளி அவருடைய முயற்சியில் ஆரம்பமாயிற்று. வந்தவர்களில் இவர் ஒரு ரகம், தங்கிப் பார்த்த ரகம்.

அதே கட்ச்சில் இன்னொரு துணி உண்டு, அஜ்ரக். சிவப்பும் நீலமும் கறுப்பும் வெள்ளையுமாக, நட்சத்திரக் கட்டங்கள் நிறைந்த அச்சுத் துணி. அரபு மொழியில் நீலத்துக்குள்ள சொல்லிலிருந்து பெயர் வந்தது என்பார்கள். 'இன்றைக்கு வை' என்று பொருள்படும் 'ஆஜ் ரக்' என்பதிலிருந்து வந்தது என்று தொழிலாளர்கள் சொல்வார்கள். இரண்டாவது சொல்லாராய்ச்சிக்குப் பண்டிதர் ஆதரவு கிடைக்காது. ஆனால் வேலையைப் பார்த்தால் பொருத்தமாகத்தான் இருக்கிறது. ஒவ்வொரு கட்டத்துக்குப் பிறகும் துணியைக் காயப்போட்டு, இன்றைக்கு இருக்கட்டும் என்று விட்டுவிட வேண்டும்.

முதலில் ஒட்டகச் சாணம், சோடா, ஆமணக்கெண்ணெய் கலந்த தண்ணீரில் துணியை ஊறவைத்து வெளுக்கிறார்கள். பிறகு கடுக்காய்ச் சாறு, துணி மஞ்சளாகும். வெள்ளை இருக்க வேண்டிய இடத்தில் சுண்ணாம்பும் பிசினும் கலந்து அச்சு வைப்பார்கள். அங்கே சாயம் ஏறாது. கறுப்புக்குத் துருப்பிடித்த இரும்பையும் வெல்லத்தையும் தண்ணீரில் போட்டு நாட்கணக்கில் புளிக்கவைத்து, புளியங்கொட்டை மாவு சேர்த்துக் குழம்பாக்குவார்கள். சிவப்பு வர வேண்டிய இடத்தில் படிகார அச்சு. அதற்கப்புறம் அவுரித் தொட்டியில் நீலம், மஞ்சிட்டி வேரோடு கொதிக்கவைத்துச் சிவப்பு. இடையிடையே அலசல், காயல், மறுபடி அச்சு. எல்லாம் சேர்ந்து ஒரு டஜன் கட்டத்துக்கு மேல் போகும். நல்ல அஜ்ரக் என்றால் துணியின் இரண்டு பக்கமும் அச்சு, ஒரு மயிரிழைகூட விலகாமல். இருட்டில் எந்தப் பக்கம் போர்த்திக்கொண்டாலும் சரிதான். மாடு மேய்ப்பவர் துணி அல்லவா. இதே மாதிரியான குஜராத்து அச்சுத் துணித் துண்டுகள் எகிப்தில் பழைய கெய்ரோவின் ஃபுஸ்தாத் பகுதியில் தோண்டி எடுக்கப்பட்டுள்ளன. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே கடல் தாண்டிய சரக்கு.

கெமிக்கல் சாயம் வந்ததும் இந்த ஒழுங்கெல்லாம் குலைந்தது. 1897-ல் ஜெர்மனியின் பி.ஏ.எஸ்.எஃப். கம்பெனி செயற்கை நீலத்தை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அவுரியை எண்ணிக் கண்ணீர் விடவும் எல்லாராலும் முடியாது. வங்காளத்தில் 1859-60-ல் விவசாயிகள் கலகம் செய்ததும், 1917-ல் சம்பாரணுக்கு காந்தி போனதும் அந்த நீலத்தைக் கட்டாயமாகப் பயிரிடச் சொன்ன கொடுமையால்தான். மேசை மேல் வைத்துப் பார்த்தால் இயற்கைச் சாயம் என்ற சொல் குளிர்ச்சியாக இருக்கும். வயலில் அதற்கு வேறு சரித்திரம்.

கட்ச்சின் தமட்கா கிராமத்தில் கத்ரி சமூகத்தைச் சேர்ந்த முகமது சித்திக் 1970-களில் பழைய சாயமுறைகளைத் தேடிப் பிடித்துத் தன் பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுத்தார். பிள்ளைகளில் ஒருவரான இஸ்மாயில் முகமது கத்ரிக்கு 2003-ல் இங்கிலாந்தின் டி மான்ட்ஃபோர்ட் பல்கலைக்கழகம் கௌரவ டாக்டர் பட்டம் கொடுத்தது. இதற்கு நடுவே 2001 ஜனவரி 26-ம் தேதி பூகம்பம். தமட்கா இடிந்து விழுந்தது. அதைவிடப் பெரிய அடி தண்ணீரில் விழுந்தது. நதி ஏற்கனவே வறண்டிருந்தது. பூகம்பத்துக்குப் பிறகு நிலத்தடி நீரும் கீழே போய், அதில் இரும்புச் சத்தும் கூடியது. இரும்புத் தண்ணீரில் சிவப்பு மங்கும். சாயக்காரனுக்கு அது கைபோன மாதிரி. ஒரு பகுதியினர் புஜ் நகருக்குப் பக்கத்தில் நிலம் வாங்கிப் புது ஊர் அமைத்து அதற்கு அஜ்ரக்பூர் என்று பெயர் வைத்தார்கள். துணியின் பெயரில் ஊர். நல்ல தண்ணீர் கிடைத்தது. அதுவும் அள்ள அள்ளக் குறைகிறது.

எந்த மேய்ப்பருக்காக அந்தத் துணி உருவாயிற்றோ அவருக்கு இன்று அது எட்டாது. அவர் தோளில் கிடப்பது அஜ்ரக் மாதிரி அச்சடித்த மலிவு விலை மில் துணி. அசல் அஜ்ரக் டெல்லியிலும் மும்பையிலும் லண்டனிலும் உலவுகிறது. கத்ரி குடும்பங்கள் பிழைத்தது அதனால்தான் என்பதால் இதைப் புகாராகச் சொல்ல முடியாது. ஆனால் கட்ச்சில் மேய்ப்பர் அஜ்ரக் போர்த்தியிருக்கும் படம் கிடைக்குமா என்று தேடி வரும் புகைப்படக்காரர், அந்தத் துணியை அவர் கழுத்தில் தானே போட்டுவிட வேண்டியிருக்கும்.

அன்றாடப் பொருளின் அழகைப் பார்த்தவர்களில் முக்கியமான தம்பதி சார்லஸ் ஈம்ஸ், ரே ஈம்ஸ். அமெரிக்காவின் புகழ்பெற்ற வடிவமைப்பாளர்கள். இந்திய அரசின் அழைப்பில், ஃபோர்டு ஃபவுண்டேஷன் பண உதவியோடு நாடு முழுக்கச் சுற்றி 1958-ல் ஒரு அறிக்கை கொடுத்தார்கள். தாஜ்மகாலை விட்டுவிட்டு அவர்கள் புகழ்ந்தது லோட்டாவை. நம்மூர்ச் செம்பு. எவ்வளவு தண்ணீர் பிடிக்கும், இடுப்பில் எப்படி உட்காரும், தலையில் எப்படி நிற்கும், ஊற்றும்போது எப்படி விழும், கைக்குள் அடங்குமா, தேய்க்க வருமா, காலியாக இருக்கும்போது என்ன கனம், பழசானால் உலோகத்துக்கு என்ன விலை கிடைக்கும் என்று அடுக்கிக்கொண்டே போனார்கள். எந்தத் தனி மனிதரும் அதை டிசைன் செய்திருக்க முடியாது, தலைமுறை தலைமுறையாகப் பலர் கை பட்டு உருவான வடிவம் என்றார்கள். அந்த அறிக்கையின் விளைவாக 1961-ல் அகமதாபாத்தில் தேசிய வடிவமைப்பு நிறுவனம் எழுந்தது. அங்கே படித்தவர்கள் நாட்டுக்கு எவ்வளவோ செய்திருக்கிறார்கள்.

லோட்டாவைச் செய்த கன்னார் என்ன ஆனார் என்று யாரும் தனி அறிக்கை கேட்கவில்லை. செம்பின் இடத்துக்கு அலுமினியமும் எவர்சில்வரும் வந்தன. பிறகு பிளாஸ்டிக் குடம், பச்சை, ஆரஞ்சு, ஊதா, ரோஸ் என்று வரிசையாக நிற்கிறது. தண்ணீர் லாரிக்குக் காத்திருக்கும் அந்த வரிசையையும் பயணிகள் படம் எடுக்கிறார்கள். நிறங்கள் பிரமாதமாக விழுகின்றன.

பீகாரின் மிதிலைச் சுவர்களை வெளியுலகம் கண்டதே ஒரு பூகம்பத்தால். 1934 ஜனவரியில் வீடுகள் பிளந்து விழுந்தபோது, சேதம் பார்க்கப் போன மதுபனிப் பகுதி ஆங்கிலேய அதிகாரி டபிள்யூ.ஜி. ஆர்ச்சர், உள்ளறைச் சுவர்களில் தாமரையும் மூங்கிலும் மீனும் கிளியும் கண்டு மலைத்து நின்றார். கோபர் என்ற மணவறை அது. புதுமணத் தம்பதி முதல் இரவுகளைக் கழிக்கும் அறை. வெளியார் பார்ப்பதற்காக எழுதப்பட்டதல்ல. சுவர் விழாமல் இருந்திருந்தால் அவரும் பார்த்திருக்க மாட்டார். 1949-ல் 'மார்க்' இதழில் அதைப் பற்றி எழுதினார்.

1960-களின் மத்தியில் பஞ்சம். அகில இந்தியக் கைவினை வாரியத்தில் இருந்த புபுல் ஜயகர், பம்பாய் ஓவியர் பாஸ்கர் குல்கர்னியை அங்கே அனுப்பினார். சுவரில் எழுதுவதைக் காகிதத்தில் எழுதித் தரச் சொல்லி அவர் கிராமம் கிராமமாக அலைந்தார். சீதா தேவி, ஜகதம்பா தேவி, கங்கா தேவி, மகாசுந்தரி தேவி என்று பெயர்கள் வெளியே தெரிந்தன. அதுவரை இன்னாருடைய மனைவி, இன்னாருடைய தாய் என்றே அறியப்பட்டவர்கள் ஓவியத்தின் கீழே கையெழுத்துப் போட்டார்கள். ஜகதம்பா தேவிக்கு 1975-ல் பத்மஸ்ரீ.

அந்தச் சுவரிலும் சாதிக்கு ஒரு நிறம் இருந்தது. பிராமணப் பெண்கள் வண்ணத்தை நிரப்பி எழுதினார்கள். காயஸ்தப் பெண்கள் மெல்லிய கறுப்பு, சிவப்புக் கோடுகளால் எழுதினார்கள். துசாத் சமூகத்துத் தலித் பெண்கள் பின்னால் வந்து, தங்கள் உடம்பில் குத்திய பச்சையின் உருவங்களைக் காகிதத்தில் ஏற்றினார்கள். 'கோத்னா' என்று அதற்குப் பெயர். சாணிக் கரைசல் பூசிய காகிதம், அதன் மேல் தங்கள் காவல் தெய்வமான ராஜா சல்ஹேஸின் கதை. மேல்சாதியாருக்கு ராமன், சீதை என்றால் இவர்களுக்கு சல்ஹேஸ். மீனவச் சமூகத்தில் பிறந்து, ஓவியர் வீட்டில் பாத்திரம் தேய்த்துக்கொண்டே பார்த்துப் பார்த்துக் கற்றுக்கொண்ட துலாரி தேவி 2021-ல் பத்மஸ்ரீ பெற்றார்.

கங்கா தேவியின் கதை வேறு மாதிரி முடிந்தது. அமெரிக்காவுக்கும் ஜப்பானுக்கும் போய் வந்தவர். அமெரிக்காவில் பார்த்த ரோலர் கோஸ்டரை மிதிலைக் கோட்டில் வரைந்தவர். அதாவது பயணி இந்தியாவைப் பார்த்தது போல இந்தியக் கிராமத்துப் பெண் பயணியாகப் போய்ப் பார்த்ததன் பதிவு அது. கடைசி ஆண்டுகளில் புற்றுநோயோடு போராடிக்கொண்டே டெல்லி கைவினை அருங்காட்சியகத்தில் ஒரு முழு அறைக்குக் கோபர் எழுதினார். 1991-ல் இறந்தார். அந்த அறை அருங்காட்சியகத்தின் புதுப்பிப்பு வேலையில் அழிந்துவிட்டது என்று 2015-ல் தெரியவந்தது. கலை உலகம் கொதித்தது. கிராமத்தில் மணவறை ஓவியம் அழிவது புதிதல்ல. அடுத்த கல்யாணத்துக்குச் சுவரை மெழுகி மறுபடி எழுதுவார்கள், எழுதுவதைப் பார்த்துச் சின்னப் பெண் கற்றுக்கொள்வாள். டெல்லியில் மெழுகினார்கள், எழுத ஆள் இல்லை.

2017 அக்டோபரில் மதுபனி ரயில் நிலையத்தின் சுவர்கள் அனைத்திலும் மிதிலை ஓவியம் எழுதப்பட்டது. 7,000 சதுர அடிக்கு மேல். ராமன் சீதை கல்யாணம், கிருஷ்ண லீலை, கிராமத்துத் திருவிழா, கூடவே கவி வித்யாபதி. நூற்றுக்கும் மேற்பட்ட ஓவியர்கள், பெரும்பாலும் பெண்கள், பகலும் இரவுமாக வேலை செய்து சில நாட்களில் முடித்தார்கள். ரயிலை விட்டு இறங்கும் பயணிகள் இன்றைக்கும் பெட்டியைக் கீழே வைத்துவிட்டுச் செல்போனை எடுக்கும் அளவுக்கு நன்றாக அமைந்துவிட்டது. மறு ஆண்டு அழகான ரயில் நிலையங்களுக்கான ரயில்வே அமைச்சகத்தின் போட்டியில் மதுபனிக்கு இரண்டாம் பரிசும் கிடைத்தது. பெயிண்ட்டையும் பிரஷ்ஷையும் ரயில்வே கொடுத்தது. வேலைக்கு 'ஷ்ரம்தான்' என்று பெயரிட்டிருந்தார்கள், அதாவது உழைப்பு தானம். எழுதியவர்களுக்குக் கூலி கிடையாது.